மலைவாழைக் கன்றுக்கு நன்கொடை: பங்குனி உத்திரத்துக்குள் ₹1,27,000 தேவை

முருகன் துணை.

ஊர்ப் பெரியவர்களுக்கும், பிழைப்புக்காகத் திருப்பூர், கோவை, சென்னை என்று மலையிறங்கிப் போன நம் பிள்ளைகளுக்கும் கமிட்டியின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். சித்திரையில் நட வேண்டிய 6,000 திசு வளர்ப்பு (ஆய்வகத்தில் வளர்த்த) வாழைக் கன்றுகளுக்குச் சொல்லி வைத்தாயிற்று. பங்குனி உத்திரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் கன்று வேறு ஊருக்குப் போய்விடும்.

விருப்பாச்சி என்றால் வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த பாளையம். அந்தப் பெயரைத் தாங்கிய பழம் நம்முடையது. குதிரை முதுகில் தார் இறங்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். காபிச் செடிக்கு நிழல், வீட்டுக்குக் காசு, பழனியாண்டவருக்குப் பஞ்சாமிர்தம், எல்லாம் இந்த மரம்தான். பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. நம் பழத்தில் நீர் குறைவு, அதனால்தான் பஞ்சாமிர்தம் நாள்பட நிற்கிறது. பழத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2019இல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பட்டயம் இருக்கிறது, தார்தான் இல்லை.

1970களில் கீழ்ப்பழனி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த வாழை, முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி பரப்புகிற வைரஸ் இது. இலைகள் குறுகி, துடைப்பத்தை நட்டு வைத்த மாதிரி உச்சியில் விறைத்து நிற்கும். இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் நரம்போரம் கரும்பச்சையில் கோடும் புள்ளியுமாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகும், போன வருடம் ஒருவர் நோய் கண்ட தோட்டத்திலிருந்து பக்கக்கன்றைப் பெயர்த்து வந்து நட்டார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். பக்கத்தில் மூன்று தோட்டம் போனது. அதனால்தான் வைரஸ் இல்லையென்று சோதித்த கன்றே வேண்டும் என்று நிற்கிறோம்.

ஏக்கருக்கு 300 வீதம் 20 ஏக்கர். கன்று ₹22 வீதம் ₹1,32,000. நடும்வரை கன்றை வைக்க நிழல்வலைக் குடில் ₹85,000. வண்டி வாடகை ₹12,000. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க, ஒரு வருடம் சுற்றிவர இரண்டு ஆட்களுக்கு ₹96,000. ஆள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். முன்பு ஆள் இல்லாமல் விட்டதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறோம். ஆக மொத்தம் ₹3,25,000. சேர்ந்தது ₹1,98,000.

கொடுத்தவர்களை மறக்க முடியாது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பையன்கள் தீபாவளி போனஸில் இருந்து ₹31,500 திரட்டி அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற அங்கன்வாடி டீச்சரம்மா முதல் பென்ஷனில் ₹5,000 தந்தார். ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் ஒருவர், நம் ஊர்க்காரர்கூட இல்லை, "உங்க பழத்தை வித்துத்தான் எங்கப்பா கடை வச்சார்" என்று ₹25,000 கொடுத்துவிட்டு ரசீதுகூட வாங்காமல் போனார். கீழத்தெருப் பாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய்த் தாள்களாக ₹340 எண்ணி வைத்தார். அதை வாங்கக் கை கூசியது. வாங்காமல் விட அவர் விடவில்லை.

அப்புறம், தை மாதக் கூட்டத்தில் வீட்டுக்கு ₹1,000 என்று கை தூக்கியவர்களில் 41 வீடு இன்னும் பாக்கி. மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நம் வீட்டுப் பழத்தைத்தான் சுவாமிக்கு வைத்தோம். இப்போது சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம், அதுவும் அசல் மலைப்பழம்தானா என்று சந்தேகத்தோடு.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வசூல் கணக்கு ஒவ்வொரு வெள்ளியும் கோயில் பலகையில் எழுதப்படும். பணம் முடியாதவர்கள் ஞாயிறு காலை குழி எடுக்க வந்தாலும் சரி. கடப்பாரை நாலுதான் இருக்கிறது, உங்களுடையதைக் கொண்டு வாருங்கள்.