போஸ்டரில் பெயர் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நண்பர்களே,

நம் ஊர் வரைகலை வடிவமைப்பாளர்கள் சேர்ந்து நடத்திய போஸ்டர் கண்காட்சியும் அதையொட்டி வைத்த பயிலரங்குகளும் ஒருவழியாக நல்லபடியாக முடிந்துவிட்டன. வந்தவர்கள், நின்று பார்த்தவர்கள், படம் எடுத்துப் பரப்பியவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் முக்கியமாக உங்களுக்கு இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். சுவரில் மாட்டிய ஒவ்வொரு போஸ்டருக்குக் கீழேயும் வடிவமைத்தவர் பெயர் இருந்தது, வாசலில் பங்கேற்றவர்கள் பட்டியல் ஆளுயரத்துக்கு நின்றது, பேசியவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. இவை எதிலும் பெயர் வராத சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் ஆணி அடிக்கவே வேலை இருந்திருக்காது. பெயர் போடலாமா என்று கேட்டதற்கு அவர்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அச்சகத்து மெஷின்மேன் அண்ணன். ஏப்ரல் 27-ஐ விட்டுவிடக் கூடாது என்று நாங்கள் ஒற்றைக்காலில் நின்றோம். 1963-ல் அந்தத் தேதியில்தான் இக்கொகிராடா என்ற பன்னாட்டு வடிவமைப்பாளர் கூட்டமைப்பு தொடங்கியது, அதை வைத்து உலகெங்கும் அன்றைக்கு வடிவமைப்பு நாள் கொண்டாடுகிறார்கள். தேதி மேல் இருந்த பக்தி ஃபைல் அனுப்புவதில் யாருக்கும் இல்லை. கடைசி நேரத்தில் வந்து குவிந்ததில் பெரும்பாலானவை திரைக்கான வண்ண முறையான ஆர்.ஜி.பி.யில் இருந்தன, பலவற்றில் ப்ளீட் (வெட்டுவதற்காக ஓரத்தில் விடும் கூடுதல் பகுதி) கிடையாது, சிலவற்றில் ஃபான்ட் கூட இணைக்கப்படவில்லை. வேறொருவராக இருந்தால் “சரி பண்ணிக் கொண்டுவாங்க” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பியிருப்பார். அண்ணன் ஒவ்வொன்றையும் திறந்து, எது ஏன் ஓடாது என்று ஆளைக் கூப்பிட்டுச் சொன்னார். திரையில் கண்ணைப் பறிக்கும் அந்தப் பச்சை அச்சின் நான்கு மையில் (நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) வராது, சும்மா அடம்பிடிக்காதே, ப்ரூஃப் எடுத்துத் தருகிறேன், பார்த்துவிட்டு முடிவு பண்ணு. கத்தி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும், அதற்குத்தான் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாகக் கேட்கிறேன். இப்படி.

கேட்டலாக் அச்சான அன்று நான் அங்கேதான் இருந்தேன். முதல் சில தாள்கள் ஓடியதுமே அவர் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு தாளை உருவி, மேசை விளக்குக்கு அடியில் வைத்து, அந்தச் சின்ன லென்ஸை ஒரு குறிப்பிட்ட வரி மேல் கவிழ்த்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த எழுத்து லென்ஸுக்கு அடியில் கறுப்பாக இல்லை. ‘ன’வின் சுழிக்கு ஒரு பக்கம் இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு, மறுபக்கம் நீலமாக ஒன்று, உள்ளே மஞ்சள் புள்ளிகள். ஆர்.ஜி.பி. கறுப்பை அப்படியே மாற்றியதில் அந்தக் கட்டுரையின் சின்ன எழுத்துகள் நான்கு மையிலும் கலந்து உட்கார்ந்திருந்தன. மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் துல்லியமாக ஒரே இடத்தில் விழுந்தால்தான் அது தெளிவாக இருக்கும், கொஞ்சம் விலகினாலும் எழுத்து மங்கி, படிக்கிறவருக்கு ஏனென்று தெரியாமலே கண் வலிக்கும். எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் நூறு சதவீதம் வைத்து ஃபைலை மாற்றி, புதிய பிளேட் போட்டு, மறுபடி ஓட்டினார். அதற்கான நேரத்தை அவர் தன் தூக்கத்திலிருந்துதான் எடுத்தார். கையில் கேட்டலாக் வைத்திருப்பவர்கள், உள்ளே இருக்கும் அந்தப் பொடி எழுத்துக் கட்டுரையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தத் தெளிவு அவருடையது.

அடுத்து, கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும் டி.டி.பி. அக்கா. பழைய போஸ்டர்களைப் பற்றிய குறிப்புகள் நமக்கு வந்தது பழைய பேஜ்மேக்கர் காலத்து ஃபைல்களில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்த பழைய பாமினி ஃபான்டில் அடித்தவை. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் என்ன வரும் என்று தெரியும், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. அக்கா அந்தக் குப்பையை நேரடியாகப் படிக்கிறார்! அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் மெய்யெழுத்துப் புள்ளி, அந்த எழுத்து வந்தால் ‘ம’, இது வந்தால் துணைக்கால் என்று விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, வாய் தமிழில் வாசித்துக்கொண்டே இருக்கிறது. எத்தனை வருடம் அந்த விசைப்பலகையில் உட்கார்ந்திருந்தால் இது வரும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றித் தரும் மென்பொருள் விட்டுவைத்த பிழைகளைக் கையால் திருத்திக் கொடுத்தார்.

அதோடு விடவில்லை. முகப்பு பேனரில் ‘தொடக்கம்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நின்றதை, பேனர் ஃபைல் அச்சுக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் பிடித்தவரும் அவர்தான். எங்களில் இத்தனை பேர் அதைப் பார்த்தோம், யார் கண்ணிலும் படவில்லை. எழுத்தைப் படமாகப் பார்த்துப் பழகிவிட்டால் இதுதான் கதி. பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போசர் என்ற அமைப்பு ‘வேர்ல்ட் ரெடி’யில் இல்லையென்றால் கொம்பு இப்படித்தான் இடம் மாறி நிற்கும் என்று சொல்லி, பத்தி அமைப்பில் எங்கே போய் மாற்ற வேண்டும் என்று காட்டினார். அழகுக்காக எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும்போது துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி அநாதையாக நிற்பதையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். பட்டம் வாங்கிய டிசைனர்கள் சுற்றி நின்று குறிப்பெடுத்தது நல்ல காட்சி.

நம் குழு இளைஞர்கள் இரண்டு பேர் வரைந்த தலைப்பு ஃபான்ட் கண்காட்சியன்று வெளியானது தெரியும்தானே. எஸ்.ஐ.எல். திறந்த ஃபான்ட் உரிமத்தில் விட்டிருக்கிறார்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. யூனிகோடின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் இருக்கும் குறியீடுகள் 72தான், அதை வைத்துக்கொண்டு சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உகரமும் ஊகாரமும் ஒவ்வொரு மெய்யோடும் சேரும்போது எடுக்கும் வடிவங்களை மட்டும் எண்ணினாலே அதற்கு மேல் 36. ‘கு’ போலவா இருக்கிறது ‘து’? ‘டி’, ‘டீ’ வேறு தனிக்கதை. இதையெல்லாம் ஒவ்வொரு தடிமனிலும் வரைய வேண்டும்.

இதில் நன்றி சொல்ல வேண்டியது ஓய்வுபெற்ற ப்ரூஃப் ரீடர் அம்மாவுக்கு. “எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுப்பா, அச்சடித்துக் கொடுங்க” என்று சொல்லிவிட்டார். தாளை வாங்கி, ‘அண்ணன்’, ‘கண்ணன்’, ‘எண்ணெய்’ என்று தடித்த வடிவில் சின்ன அளவில் அடித்துத் தரச் சொன்னார். அவர் சந்தேகப்பட்டபடியே, 8 புள்ளி அளவில் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிட்டன, ‘ண’வா ‘ன’வா என்று ஊகிக்க வேண்டியிருந்தது. ‘ழூ’வும் அதே கதை. பையன்கள் முதலில் இது தலைப்பு ஃபான்ட்தானே, சின்ன அளவில் யார் போடப் போகிறார்கள் என்று இழுத்தார்கள். “போடுவாங்க” என்றார் அம்மா. பேச்சு முடிந்தது. சுழிகளை எல்லாம் திறந்து மறுபடி வரைந்தார்கள்.

அதே அம்மாதான் இன்னொன்றும் கேட்டார். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாகக் கொண்டுவருவதற்கு முந்தைய போஸ்டர்களில் ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும், அவற்றைப் பற்றி எழுதும்போது அந்த வடிவம் உங்கள் ஃபான்டில் இருக்கிறதா? இல்லை. இப்போது இருக்கிறது, ஸ்டைலிஸ்டிக் செட்டாக, அதாவது மாற்று வடிவங்களின் தொகுப்பாகச் சேர்த்திருக்கிறார்கள், வேண்டியவர்கள் தேர்ந்து போட்டுக்கொள்ளலாம். அந்தப் பழைய போஸ்டர்களைப் பரணிலிருந்து இறக்கி, நாங்கள் ஸ்கேன் செய்து முடிக்கும்வரை பொறுமையாகத் தந்து வைத்திருந்த குடும்பத்துக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். மடிப்பில் கிழியாமல் அவற்றை விரித்தவர்களுக்கும்.

சுவரெழுத்துப் பெரியவரின் பயிலரங்கு பற்றி வந்தவர்களே நிறையப் பேசிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். நூலில் சுண்ணப்பொடி தடவி, இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு. கோடு விழுந்தது. அளவுகோல் இல்லை, சாணில் அளந்தார். பட்டைத் தூரிகையை விரலிடையில் உருட்டிக்கொண்டே ‘இ’யின் வளைவை ஒரே இழுப்பில் முடித்தபோது, பின்னாலிருந்து ஒரு மாணவி “ரீப்ளே போடுங்க தாத்தா” என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு ‘இ’ போட்டார், அச்சு அசல் அதே மாதிரி. நாம் கணினியில் வளைவு வரைய உதவும் பெசியர் புள்ளிகளை இழுத்து இழுத்து ஒரு மணி நேரம் தேடும் வளைவு அது. ஃப்ளெக்ஸ் வந்தபிறகு அவர் கைக்கு வேலை குறைந்துபோனது எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையைக் குறைத்தவர்களில் நாமும் உண்டு, அதையும் மறந்துவிட்டு அவர் வந்து சொல்லிக்கொடுத்தார்.

ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறையைத் தன் கூடத்திலேயே நடத்தவிட்ட தம்பதிக்கும் நன்றி. எமல்ஷன் பூசிய சட்டத்தில் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகும், கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, தண்ணீரைப் பீய்ச்சும்போது தான் வரைந்த உருவம் வலையில் மெல்லத் திறப்பதைப் பார்ப்பது வேறு.

நிறக்குருடு உள்ள ஒரு நண்பர் (அவரே இப்படித்தான் எழுதச் சொன்னார்) அரங்க வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இதில் எங்கே சிவப்பு, எங்கே பச்சை, எனக்கு எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிகிறது என்று சொன்னார். அன்றைக்கே வட்டம், முக்கோணம், சதுரம் என்று வடிவத்தையும் சேர்த்தோம். சாம்பல் பின்னணியில் வெளிர் எழுத்து வைத்திருந்த பலகைகளையும் அவர் விடவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது இருக்க வேண்டும் என்பது வலைப்பக்கங்களுக்கான விதிதான், ஆனால் மங்கலான வெளிச்சத்தில் சுவரில் தொங்கும் பலகைக்கு அது இன்னும் அதிகமாகவே வேண்டும் என்று வாதாடினார். வயதானவர்கள் நின்று படித்ததைப் பார்த்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது.

அப்புறம் வழக்கறிஞர் நண்பர். இந்த வருடம் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், லோகோ போட்டி என்று அறிவித்து, வரும் எல்லா வடிவமைப்பின் உரிமையும் தங்களுக்கே, பரிசு ஒருவருக்கே என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது நினைவிருக்கும். நாங்கள் கோபத்தில் எழுதிவைத்திருந்த கடிதத்தை வாங்கி, திட்டை எல்லாம் எடுத்துவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் வைத்து அனுப்பினார். நிறுவனம் போட்டியைக் கைவிட்டு, சிலரின் பழைய வேலைகளைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் பேசி வேலை கொடுத்தது. திட்டியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம், திட்டியிருக்கலாம் என்பவர்களும் நம்மில் உண்டு. அதோடு ஒரே பக்கத்தில், வழக்குமொழி இல்லாமல், ஓர் ஒப்பந்த மாதிரியும் எழுதித் தந்திருக்கிறார்: முன்பணம், எத்தனை முறை திருத்தம், பாதியில் வேலை நின்றால் எவ்வளவு, மூல ஃபைல் யாருக்கு, எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்தலாம். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் வேலை ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குழுவினர் பட்ட பாடும் கொஞ்சமில்லை. ஏஐ உருவாக்கிய போஸ்டர்களை ஏற்பதா வேண்டாமா என்று வாதம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும் என்று முடிவானது. வந்தவற்றில் சிலவற்றில் தமிழைப் போலவே ஏதோ இருந்தது, எழுத்துதான் இல்லை, ஆகவே அவற்றை ஒதுக்குவதில் சண்டை வரவில்லை.

ஏணி பிடித்தவர்கள், கோணலாகத் தொங்கிய சட்டங்களை மட்டப்பலகை வைத்து நேராக்கியவர்கள், கடைசி நேரத்தில் கைவிட்ட ஒரு விளம்பரதாரரின் இடத்தை ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிரப்பியவர்கள், இரவில் அரங்கைப் பூட்ட எங்களுக்காகக் காத்திருந்த காவலாளி, எல்லோருக்கும் நன்றி.

கேட்டலாக் பிரதிகள் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கின்றன. மேலே சொன்னவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இரண்டு பிரதி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறோம், கூட வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். இரவல் வாங்கிய சட்டங்களைத் திருப்பித் தரும் வேலை இந்த ஞாயிறு நடக்கிறது. ஸ்க்ரீன் பட்டறையில் யாரோ சட்டத்தைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மை காய்ந்து வலையில் இறுகிக் கிடக்கிறது, வலையில் இன்னும் ஒரு மயில் தெரிகிறது. மயில் வரைந்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து கழுவிக் கொடுத்துவிடவும்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில்