ஒரே கம்பியில் தொங்கும் நாஃபா விருது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1982ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நடந்துவரும் நாஃபா உடலுறுதித் தேர்வு தேவைதானா என்ற பேச்சு பெற்றோரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. தேவை என்பதே என் கருத்து. ஆயினும் விருது வழங்கும் விதிகளில் ஒன்றைக் கல்வி அமைச்சு மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

சிட்-அப், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், உட்கார்ந்தபடி முன்னோக்கி எட்டுதல், 10 மீட்டர் தொலைவை நான்கு முறை ஓடிக் கடத்தல், புல்-அப், நெடுந்தொலைவு ஓட்டம் ஆகிய ஆறு அங்கங்களிலும் ‘ஏ’ நிலைக்கு 5 புள்ளி முதல் ‘இ’ நிலைக்கு 1 புள்ளி வரை தரப்படுகிறது. தங்கத்திற்கு 21, வெள்ளிக்கு 15, வெண்கலத்திற்கு 6 புள்ளிகள் போதும். ஆனால் புள்ளிகள் மட்டும் போதா. தங்கத்திற்கு ஒவ்வோர் அங்கத்திலும் குறைந்தது ‘சி’, வெள்ளிக்கு ‘டி’, வெண்கலத்திற்கு ‘இ’ பெற்றாக வேண்டும்.

சிக்கல் புல்-அப்பில்தான் வருகிறது. மாணவியரும் 15 வயதை எட்டாத மாணவர்களும் குதிகால் தரையில் ஊன்றியிருக்க, தாழ்வான கம்பியைப் பிடித்துச் சாய்ந்த நிலையில் உடலை இழுக்கிறார்கள். 15 வயதான மாணவரோ உயரமான கம்பியில் தொங்கி முழு எடையையும் மேலே தூக்க வேண்டும். முழங்கை பாதி மடிந்து, கால்கள் காற்றில் உதைக்க, மோவாய் கம்பிக்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிட்டால் கணக்கில் ஏறுவது பூஜ்யம். மற்ற ஐந்திலும் ‘ஏ’ வாங்கி 25 புள்ளிகள் வைத்திருந்தாலும் அந்த மாணவருக்கு வெண்கலம்கூட இல்லை. ஆறிலும் ‘இ’ வாங்கி 6 புள்ளிகளோடு நிற்பவருக்கு உண்டு. இது எந்த ஊர் நியாயம் என்று என் மகனின் நண்பன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

உடலின் எல்லாத் திறன்களும் சமமாக வளர வேண்டும் என்பதற்காகவே இந்த விதி வகுக்கப்பட்டிருக்க வேண்டும். தகுதியுள்ள இளையர்களுக்குத் தேசிய சேவைக் காலத்தில் 2 மாதக் குறைப்புக்கு வழிசெய்யும் வெள்ளி, தங்க விருதுகளில் அந்தக் கண்டிப்பு இருக்கட்டும். ஊக்கப்படுத்துவதற்கென்றே உள்ள வெண்கலத்திலும் அது எதற்கு? பருமனான பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவைத்த ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தை 1992இல் தொடங்கிய நாமே 2007இல் கைவிட்டோம். நல்ல நோக்கம் இருந்தும் நடைமுறை பிள்ளைகளைக் கூச வைத்தால் அதை மாற்றத் தயங்கியதில்லை.

வெண்கல விருதுக்கு மட்டுமாவது, 15 வயதைக் கடந்த மாணவர்கள் சாய்நிலைப் புல்-அப்பையும் தேர்ந்தெடுக்க அமைச்சு அனுமதிக்கலாம். கூடவே, ஆறு அங்கங்களிலும் மாணவர் முந்தைய தேர்வில் எட்டிய அளவையும் இப்போது எட்டிய அளவையும் ஒரே தாளில் பெற்றோருக்கு அனுப்பிவைத்தால், எந்தப் பயிற்சியில் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்பதை வீட்டிலும் கவனிக்க முடியும்.

இப்படிக்கு,
உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரின் தந்தை,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்