பீடத்தில் இருந்து தொடங்கச் சொன்னவர்களுக்கு

திருகோணமலையில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த சிற்ப, ஓவிய வகுப்புகளுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி மண்சிலை செய்து தந்த ஐயாவுக்கு. 1950இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்ட கோணேசர் கோயில் வெண்கலத் திருமேனிகள் வழிபாட்டுக்குரியவை. தடவிப் பார்க்கக் கேட்கமுடியாது. அதனால் சிவனும் உமையும் குழந்தை முருகனும் சேர்ந்திருக்கும் சோமாஸ்கந்த வடிவத்தைச் சுடுமண்ணில், ஒரு முழ உயரத்தில் செய்து தந்தார். சிவனின் கைகளில் உள்ள மழுவும் மானும் மெல்லியதாய் இருந்தால் பத்துப் பேர் தொடுவதற்குள் ஒடிந்துவிடும் என்று, தடிப்பாக்கித் தோளோடு ஒட்டவைத்ததும் அவர்தான்.

ஆனால் விழிப்புலனற்ற பிள்ளைகளின் விரல்கள் நேரே அந்தக் கைகளுக்குத்தான் போயின. சிவனுக்கு நாலு, உமைக்கு இரண்டு, நடுவிலே குழந்தை: எந்தக் கை யாருடையது என்று பிடிபடவில்லை. “பீடத்தில தொடங்குங்கோ, அகலம் விளங்கினாப் பிறகு மேல போகலாம்” என்றார் பிரெயில் படிப்பிக்கும் அக்கா. பீடத்தின் இரண்டு முனையையும் இரு கையாலும் பிடித்து, மடித்த கால், இடுப்பு, தோள் என்று ஏறிக் கடைசியில் கைகளுக்கு வந்தபோது கணக்குச் சரியாக வந்தது. அக்காவுக்கு இரட்டை நன்றி.

தொட்டுணரும் படங்களில் பிழைவிட்டது நாங்கள். பசையால் இழுத்த கோடு நம்மூர்ப் புழுக்கத்திலும் விரல் வியர்வையிலும் இளகி ஒட்டியது. சணல் நூலுக்கு மாறினோம். பிரடெரிக் கோட்டை வாசலைத் தூரம் போகப்போக ஒடுங்கும் பாதையோடு வரைந்திருந்தோம். அந்த ஒடுக்கம் கண்ணுக்கு மட்டும் சொந்தமானது, விரலுக்கு அது வெறும் முக்கோணம். பாதையை எடுத்துவிட்டு வாசலின் முன்பக்கத்தை மட்டும் ஒட்டச் சொன்ன மாணவிக்கு நன்றி.

சைகைமொழி பெயர்ப்பாளர் தம்பி, யன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது நியாயம்: பின்வெளிச்சத்தில் கையும் முகமும் கறுத்துப்போகும். ஓவியத்தின் பக்கத்திலேயே நின்றார். அவரையும் ஓவியத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பதால், ஒவ்வொரு விளக்கத்துக்குப் பிறகும் பேசுபவர் அரை நிமிடம் வாயை மூடவேண்டும். இதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது.

தச்சுவேலை செய்யும் ஓடாவி அண்ணைக்கு நன்றி. வாசலில் இரண்டே படி, மொத்தம் 30 சென்ரிமீற்றர். சக்கர நாற்காலி ஏறச் சாய்த்துவைக்க 2 மீற்றர்ப் பலகை போதாதோ என்று கேட்டோம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், 3.6 மீற்றர் வேண்டும் என்று அளந்து காட்டினார். அதைவிடச் செங்குத்தானால் ஏறும்போது சக்கர நாற்காலி பின்னுக்குச் சாயும். சில்லு வழுகி விழாமல் இரண்டு ஓரத்திலும் சட்டமும் அடித்தார். பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. இன்னும் இரவல் பலகையோடுதான் திரிகிறோம்.

பலகைகள் இப்போது சும்மா கிடக்கின்றன. படி உள்ள வாசல் எதற்கும் கேட்டு எடுக்கலாம். உயரம் 30ஐத் தாண்டினால் அண்ணையிடம் முதலே சொல்லிவிடுங்கள்.