கலாவுக்கு, கோலா கெட்டிலிலிருந்து

அன்புள்ள கலா,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிடு. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் மண்டோர் மாமா இன்னமும் கோழி வளர்க்கிறார். சேவல் விஷயத்தை நீயே வந்து கேட்டுக்கொள்.

போன செவ்வாய் நைட் டூட்டியில் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். எங்கள் அவசரப் பிரிவில், உயிருக்குப் போராடுகிறவர்களை வைக்கும் சிவப்பு ஸோனில் ஒரே நேரத்தில் இரண்டு மோட்டார் விபத்து. அதற்கு அடுத்த நிலையான மஞ்சளில் தாதியர் என்று நானும் ஒரு புதுப் பெண்ணும் மட்டும். பதினான்கு பேர், நாலு பேருக்குக் கட்டில் இல்லை. மூச்சுத்திணறலோடு ஒரு பாட்டியைப் பேரன் தோட்டத்திலிருந்து மோட்டாரில் கொண்டுவந்திருந்தான். நெபுலைசர் வைத்தேன், டிரிப் ஏற்றினேன், அரை மணிக்கொரு தடவை ஆக்ஸிஜன் அளவைக் குறித்தேன். நகரும்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். பால்மரம் சீவிக் காய்ப்பு ஏறிய விரல்கள். "மிஸ்ஸி, நான் பொழைச்சிருவேனா?" என்றார். "ஒன்னும் இல்ல பாட்டி" என்று சொல்லி அந்த விரல்களைப் பிரித்துவிட்டுப் போய்விட்டேன், கலா.

தாதிமைக் கோட்பாட்டாளர் ஜீன் வாட்சன் 1979-இல் பராமரிப்புக்குச் சொன்ன பத்துக் கூறுகளை நாம் விடிய விடிய மனப்பாடம் செய்தோமே, அதில் முதலாவதே மனிதநேயம்தான். ஆள் குறைந்தால் முதலில் விட்டுப்போவது அதுதான். ஊசி விட்டுப்போகாது, சார்ட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு நிமிடத்துக்குச் சார்ட்டில் கட்டமே கிடையாது.

உடனே நமக்கு ஊக்கம் போதவில்லை என்று வகுப்பு வைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் புதுப் பெண் சம்பளம் பத்தவில்லை, சிங்கப்பூர் போகிறேன் என்று தினமும் புலம்புகிறவள். கூட்டமில்லாத ஒரு மதியம், அழுத பிள்ளைக்குக் கையுறையை ஊதிக் கோழி செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மனசு இருக்கிறது, நேரம்தான் இல்லை. ஆனால் இப்படியே வருஷக்கணக்கில் போனால் மனசும் மரத்துப்போகும். அதுதான் என் பயம். 2024 கடைசியில் தாதியரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 42 மணியிலிருந்து 45 ஆக்கும் பேச்சு வந்தபோது நீ அப்படிக் கத்தினாய், நான் மூன்று மணி நேரம்தானே என்றேன். நீ சொன்னதுதான் சரி.

மறுநாள் டூட்டி முடிந்து வார்டுக்குப் போனேன். முகம் ஞாபகமில்லை, தலைமாட்டில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழும்வரை உட்கார்ந்திருந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. "சாப்டியாம்மா?" என்றார்.

உன் மஞ்சளில் ஒரு ஆளுக்கு எத்தனை பேர்? உள்ளபடி எழுது.

உன்,
தேவி