உயிரோடிருந்தும் பேசாத செல்கள்

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் விடுதிக்குப் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று நீ எழுதிய வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எனக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

உன் மாணவி உறையவைத்த வெள்ளணுக்கள் உருக்கியதும் பாதிக்குமேல் செத்துப்போகின்றன என்றாய். அவளைக் கடிந்துகொள்ளாதே. ரத்தம் எடுத்து எவ்வளவு நேரம் கழித்துப் பிரிக்கிறாள் என்று முதலில் கேள். நான் எட்டு மணி நேரத்தைத் தாண்டவிடுவதில்லை. முந்தின நாள் ரத்தமென்றால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் அடர்த்தி மாறி, செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் ஃபைகால் திரவத்துக்கு மேலே, நமக்கு வேண்டிய லிம்போசைட்டு வெள்ளணுக்களோடு கலந்து நின்றுவிடும். உறைதலைத் தாங்காத சாதி அவை. சிதைந்து டிஎன்ஏவைக் கொட்டும். அந்தப் பிசினில் நல்ல செல்களும் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

குளிர்விப்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி, அது உனக்குத் தெரிந்ததுதான். மெதுவாகப் போனால் வெளியிலுள்ள பனி செல்லின் நீரை இழுத்து, அதை அடர் உப்பில் கிடத்திக் கொல்லும். வேகமாகப் போனால் உள்ளேயே பனி கட்டும். 1972இல் மேசூரும் சகாக்களும் சொன்ன இந்த இரண்டு சாவுக்கும் நடுவில்தான் உறைதலிலிருந்து செல்லைக் காக்கும் நம் 10 சதவீத டிஎம்எஸ்ஓ திரவம் வேலை செய்கிறது.

என்னை அழவைத்தது வேறொன்று. சிகிச்சை தொடங்குமுன் நோயாளிகள் தந்த ரத்தம். அந்த நாளைத் திரும்ப வாங்க முடியாது. உருக்கி, செத்த செல்லில் மட்டும் ஏறும் ட்ரிப்பான் நீலச் சாயத்தில் பார்த்தேன்: 90 சதவீதத்துக்குமேல் உயிர். தூண்டினால் செல்கள் சுரப்பதைப் புள்ளிகளாகக் காட்டும் எலிஸ்பாட் தட்டிலோ புள்ளிகளே இல்லை. ஒரு குப்பியை எடுக்க முழுப் பெட்டியையும் வெளியே வைத்துத் தேடுவது எங்கள் வழக்கமாக இருந்தது. −135 டிகிரிக்குக் கீழே அசையாமல் கிடக்க வேண்டியவை ஒவ்வொரு முறையும் சூடேறி இறங்கியிருக்கின்றன. உருக்கிய உடனே எண்ணினால் சாகப்போகிற செல்லும் உயிருள்ளதாகவே தெரியும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் இரவு முழுக்க 37 டிகிரியில் ஓய்வு கொடுத்து, மறுநாள் மறுபடி எண்ணித்தான் பரிசோதனைக்கு எடுக்கிறேன்.

இன்னொன்று: குப்பியில் கடுகளவு பனி மிஞ்சும்போதே தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துவிடச் சொல். வெதுவெதுப்பான செல் வளர்ப்பு ஊடகத்தைச் சொட்டுச்சொட்டாக விடட்டும். அவசரப்பட்டால் செல் உப்பி வெடிக்கும்.

ரத்தம் எடுத்த நேரம், உறையவைத்த நேரம், மறுநாள் எண்ணிக்கை மூன்றையும் குப்பிவாரியாக எழுதி அனுப்பு. உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய மேசைத்தோழி