டர்போ கிட்டுடன் வந்த ஹோஸ் வரைபடம் தவறு: இழப்பீடு கேட்டுப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். ஹோண்டா சிட்டி 1.5 விடெக் பழைய மாடலுக்கு உங்களிடம் டர்போ கிட் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் அதன் பாகங்களும்) வாங்கினேன். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் வண்டி அது. டர்போ, இன்டர்கூலர், மேனிஃபோல்ட் எல்லாம் நல்ல தரம். அதில் எனக்குக் குறையில்லை. கிட்டுடன் கொடுத்த ஹோஸ் வரைபடமும் ஹோஸ்களும்தான் பிரச்சினை. அந்தப் படத்தில் உள்ளபடியே மாட்டியதில் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் போய், கிளட்ச் முழுக்க ஆயில் இறங்கிவிட்டது.

இன்ஜின் மேல்மூடியான வால்வ் கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸை (இன்ஜின் மூச்சு விடும் குழாய்) "கம்பெனி பொருத்தியபடியே விடவும்" என்று போட்டிருக்கிறீர்கள். ஹோண்டா கம்பெனி அதை த்ராட்டிலுக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) முன்னால் உள்ள பைப்பில் மாட்டியிருக்கிறது. டர்போ இல்லாதவரை அந்தப் பைப்பில் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறாது, சரி. டர்போ வந்த பிறகு அதே பைப்பில்தான் பூஸ்ட் காற்று, அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் காற்று, வருகிறது. மறுபக்கம் கிராங்க் கேஸின் (கிராங்க் சுழலும் இன்ஜின் அடிப்பகுதி) புகையை வெளியே விடும் பிசிவி வால்வு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கிறது, அங்கேயும் பூஸ்ட். அந்தச் சின்ன பிளாஸ்டிக் வால்வு பூஸ்டை முழுதாக அடைத்து நிற்காது. ஆக, கிராங்க் கேஸின் புகை வெளியேற வேண்டிய இரண்டு வழியிலும் நீங்களே காற்றை உள்ளே தள்ள வைத்திருக்கிறீர்கள். உங்கள் கிட்டின் பூஸ்ட் 0.5 பார். முதல் நாளே ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நின்றது, பானட் அடியெல்லாம் ஆயில் தெளித்திருந்தது.

இங்குள்ள மெக்கானிக் அண்ணன் பிரீதர் ஹோஸை ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே மாற்றி, இடையில் ஆயிலைப் பிடித்து வைக்கும் ஒரு கேட்ச் கேன் வைத்தார். பிசிவி லைனில் காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் ஒரு ஒன்வே வால்வு போட்டார். அதன் பிறகு டிப்ஸ்டிக் அசையவில்லை. விலை குறைந்த ஒரு வால்வும் படத்தில் ஒரு கோடும் இருந்திருந்தால் நான் சீல் மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்திருக்காது.

பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர் லைனிலும் இதே கதைதான். ஒன்வே வால்வு இல்லாததால் பூஸ்ட் ஏறும்போது காற்று திரும்பிக் கேனிஸ்டருக்குள் போய், காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. உங்கள் டெக்னீஷியனுக்குப் போன் போட்டால், "டிராக் வண்டிதானே சார், எமிஷன் லைனையெல்லாம் கழற்றி டம்மி அடிச்சிடுங்க" என்கிறார். கிராங்க் கேஸ் மூச்சு விடுகிற வழியை அடைத்தால் சீல் இன்னும் சீக்கிரம் போகும். டேங்க்கும் மூச்சு விட்டாக வேண்டும். டர்போ கிட் விற்கும் கம்பெனியிலிருந்து இப்படி ஒரு யோசனை வந்ததுதான் எனக்கு அதிக வருத்தம்.

ஹோஸையும் சொல்கிறேன். எல்லா லைனுக்கும் ஒரே நீலச் சிலிகான் ஹோஸ் கொடுத்திருக்கிறீர்கள். வெறும் காற்றுக்கு அது போதும்; ஆயிலும் பெட்ரோல் ஆவியும் பட்டால் தாங்காது. பிசிவி லைனிலிருந்து கழற்றிய துண்டு ஊறிப் பருத்து, விரலால் அழுத்தினால் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. கூரியரில் அனுப்பியிருக்கிறேன், நீங்களே அழுத்திப் பாருங்கள்.

பூஸ்ட் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் வேஸ்ட்கேட்டின் லைனைக் கம்ப்ரசரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) எடுத்திருப்பது சரி. ஆனால் பெட்ரோல் அழுத்தத்தைச் சரிப்படுத்தும் ஃபியூவல் ரெகுலேட்டர், த்ராட்டில் மூடும்போது மிச்ச பூஸ்டை விடுவிக்கும் புளோ ஆஃப் வால்வு, பூஸ்ட் மீட்டர் மூன்றையும் டீ போட்டு ஒரே ஹோஸில் கோர்த்திருப்பது ஆபத்து. அந்த ஒரு ஹோஸ் கழன்றால் பூஸ்டுக்கு ஏற்றபடி பெட்ரோல் அழுத்தம் ஏறாது, இன்ஜின் லீனாக, அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லாமல், ஓடும். அதற்கப்புறம் பிஸ்டனே போய்விடும். ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து தனி லைன் காட்டுங்கள்.

ஆயில் சீல், கிளட்ச் பிளேட், கூலி ஆகியவற்றுக்கான பில் தொகையை எனக்குத் திருப்பித் தர வேண்டும். ஒன்வே வால்வுகளும், ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் தாங்கும் ஹோஸும் அனுப்ப வேண்டும். வரைபடத்தைத் திருத்தி, இதே கிட் வாங்கிய எல்லாருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். எனக்குப் பணம் வருவதைவிட இது அவசரம். அவர்கள் வண்டியும் இதே படத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சரியான பயன்பாட்டுக் குறிப்பு இல்லாமல் பொருள் விற்று அதனால் சேதம் வந்தால், தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், கோயம்புத்தூர்

இணைப்பு: கிட் ரசீது, பழுதுபார்த்த பில், உங்கள் வரைபடத்தின் நகல், புகைப்படங்கள்