அப்பா கேட்ட கேள்விக்குப் பதில்

கார்பஸ் கிறிஸ்டி, டெக்சாஸ்
மே 18, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மருமகளும் பேரனும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் இப்போது எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். தடைக்காலம் முடிய இன்னும் நான்கு வாரம் இருக்கிறதே, மண்டபம் கரையில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பாம்பன் புதுப்பாலத்தில் ரயில் போகும் படத்தைத் தங்கச்சி அனுப்பியிருந்தாள். பேரன் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்று போனில் துப்பாக்கி வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு அதோடு நின்றுபோயிற்று. நீங்கள் மட்டும் கடைசியில், "எந்த மாதிரித் துப்பாக்கி? ஏன் அது?" என்று கேட்டீர்கள். ராணுவத்தில் கோத் எனும் ஆயுதக் கிடங்கில் ஆயுதங்களை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தவர் நீங்கள். ஓய்வுபெற்ற பிறகு 12 போர் (bore) இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ராமநாதபுரத்தில் வங்கி வாசலில் நின்றவர். உங்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் பங்க் கடையை இரவு பூட்டிவிட்டு, அன்றைய வசூலை வங்கியின் இரவுப் பெட்டியில் போடும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இந்த ஊரும் கடலோர ஊர்தான். மெக்சிகோ வளைகுடாவின் உப்புக்காற்று இரவெல்லாம் வீசும். ஆனால் நம் ஊரைப் போல டீக்கடையும் பேச்சுக்குரலும் கிடையாது. பத்து மணிக்கு மேல் சாலையில் நடந்து போகிற மனிதரைப் பார்க்க முடியாது. இதே நெடுஞ்சாலையில் இன்னொரு கடையில் துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் முடிவெடுத்தேன்.

இங்குள்ள சட்டம் நம் ஊருக்கு நேர்மாறு. உங்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க நீங்கள் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவீர்கள். இங்கே கிரீன் கார்டு வைத்திருப்பவரும் கடையில் வாங்கலாம். 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், எஃப்.பி.ஐ.யின் பதிவேட்டில் குற்றப் பின்னணி பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தடையுள்ள 9 எம்.எம். இங்கே எல்லோரும் வாங்குகிற சாதாரண அளவு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள 21 வயதானவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ்கூடத் தேவையில்லை.

ஆனாலும் நான் லைசென்ஸ் எடுத்தேன். பள்ளிக்கூட எல்லையிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போகக் கூடாது என்று நாடு முழுவதற்குமான ஒரு சட்டம் இருக்கிறது. மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. வங்கிக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. லைசென்ஸுக்கு வகுப்பும் உண்டு, சுடும் தேர்வும் உண்டு: 3 கஜத்தில் 20 தோட்டா, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுக்க வேண்டும். தபால் நிலையத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்று வரும் இடங்களில் சிவப்பு எழுத்தில் 51 என்று பலகை வைத்திருப்பார்கள், அங்கேயும் கூடாது. இதையெல்லாம் சட்டப்படி சுமப்பவனாகத்தான் கற்றுக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வாங்கியது டபுள் ஆக்‌ஷன் என்ற வகைக் கைத்துப்பாக்கி. ஏன் அது என்று சொல்கிறேன்.

கோத்தில் நீங்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த இச்சாப்பூர் 9 எம்.எம். பிஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். அது பிரௌனிங் வழியில் வந்த சிங்கிள் ஆக்‌ஷன். ஹாமரை, அதாவது பின்பக்கச் சுத்தியலை, பின்னுக்குத் தள்ளிக் காக் செய்தால்தான் சுடும். விரலால் இழுக்கும் விசை செய்கிற வேலை ஹாமரை விடுவிப்பது மட்டும்தான். சேம்பரில், அதாவது குழலின் பின்பக்கத்துத் தோட்டா அறையில், தோட்டா இல்லாமல் உறையில் வைப்பதுதான் அங்கே வழக்கம் என்று சொல்வீர்கள். தோட்டாவை ஏற்ற மேலே உள்ள ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் நேரமும் வேண்டும். காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு சிப்பாய் இருப்பான். இரவில் ஒரு கையில் பணப்பையோடு தனியாகப் போகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. சேம்பரில் தோட்டாவோடுதான் வைத்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், தவறிச் சுடாமல் தடுப்பது எது என்பதுதான் அடுத்த கேள்வி.

சிங்கிள் ஆக்‌ஷனில் ஹாமரைக் காக் செய்து சேஃப்டி என்ற பூட்டைப் போட்டு வைக்க வேண்டும். பதற்றத்தில் கட்டைவிரல் அதைத் தள்ளிவிட மறந்தால் துப்பாக்கி சுடாது. தள்ளியே இருந்துவிட்டால் இன்னும் மோசம். கடைக்காரர் முதலில் காட்டியது கிளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் வகையை, அதாவது உள்ளேயே ஊசி அடிக்கும் வகையை. வெளியே ஹாமர் இல்லை, தனி சேஃப்டியும் இல்லை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அழுத்தம். இங்குள்ள போலீசாரில் பெரும்பாலோர் இடுப்பில் இருப்பது இதுதான். நல்ல துப்பாக்கி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உறையில் திரும்ப வைக்கும்போது சட்டை நுனி விசையில் மாட்டி, தொடையில் சுட்டுக்கொண்டவர்களைப் பற்றிப் பயிற்சியாளர் வகுப்பில் சொன்னார். வயிற்றோரம் வைக்கப்போகிற எனக்கு, அது வேண்டாம் என்று முடிவெடுக்க அந்தப் பேச்சே போதும்.

டபுள் ஆக்‌ஷனில் ஹாமர் இறங்கிய நிலையில் இருக்கும். முதல் தோட்டாவுக்கு விசையை இழுக்கும்போது அந்த இழுப்பே ஹாமரைப் பின்னால் தூக்கி, பிறகு விடுகிறது. நீளமான இழுப்பு, நான்கரை முதல் ஐந்தரைக் கிலோ வரை கனம். சுட்டவுடன் ஸ்லைடு பின்னால் போய் ஹாமரைக் காக் செய்துவிடுவதால், அடுத்த தோட்டாவிலிருந்து இழுப்பு குட்டையாகவும் லேசாகவும் ஆகிவிடும். சுட்டு முடித்ததும் பக்கத்தில் ஒரு நெம்புகோலை அழுத்தினால் தோட்டா வெடிக்காமல் ஹாமர் பத்திரமாக இறங்கும். ஜெர்மனியின் வால்தர் 1929லேயே இந்த முறையில் போலீசாருக்கான பிஸ்டல் செய்து விற்றது. அமெரிக்க ராணுவம் 1985ல் பெரெட்டாவை எடுத்ததும் இந்த வகைதான்.

"இது பழைய பாணி, ராணுவமே 2017ல் ஸ்ட்ரைக்கருக்கு மாறிவிட்டது" என்றார் கடைக்காரர். அது உண்மை. ஆனால் ராணுவத்தின் தேவை வேறு, என் தேவை வேறு. நான் இருட்டில் ஒருவனைப் பார்த்துப் பயந்துவிடலாம். அவன் கையில் இருப்பது செல்போனாக இருக்கலாம், அவன் வழி கேட்க வந்த குடிகாரனாக இருக்கலாம். விசையில் விரல் பட்டவுடன் வெடிக்கிற துப்பாக்கி எனக்கு வேண்டாம். அந்த நீளமான இழுப்பு முடிவதற்குள் கையை நிறுத்திக்கொள்ள ஒரு நொடியின் சிறு பங்காவது எனக்குக் கிடைக்கும். சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதற்குத்தான் நான் அதிகமாக யோசித்தேன், அப்பா. அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியே ஹாமர் இருப்பதால், உறையில் செருகும்போது அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்ளலாம். துணியோ வேறெதுவோ விசையில் மாட்டினால் ஹாமர் பின்னால் எழும்பும். எழும்புவது விரலுக்கு உடனே தெரியும், அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். தினமும் இடுப்பில் வைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை என்று நினைக்கிறேன்.

எந்தக் கம்பெனி என்று தேர்வு செய்ததில் என் கைதான் தீர்ப்புச் சொன்னது. டபுள் ஆக்‌ஷனில் ஹாமர் இறங்கியிருக்கும்போது விசை முன்னால் தள்ளி நிற்கும். குட்டை விரல்காரருக்கு எட்டாது. நம் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் உங்கள் கைதானே. பெரெட்டா 92ஐப் பிடித்தால் விரல் நுனிதான் விசையைத் தொட்டது. கைப்பிடியையே நகர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. சிக் பி229 கைக்கு ஒத்துவந்தது, விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற ஐந்து தோட்டா ரிவால்வரையும் பார்த்தேன். ஹாமர் உள்ளேயே மறைந்திருக்கும், சட்டைப்பையில் போட்டாலும் துணியில் மாட்டாது, எப்போதும் டபுள் ஆக்‌ஷன் மட்டும். ஆனால் அவ்வளவு லேசான துப்பாக்கி சுடும்போது உள்ளங்கையில் அறைகிறது. கை வலித்தால் பயிற்சி குறைந்துவிடும் என்று தோன்றியது.

கடைசியில் வாங்கியது செக் நாட்டு சி.இசட். பி-01. அந்த நாட்டுப் போலீசுக்காகச் செய்தது. அலுமினியச் சட்டகம், தோட்டா இல்லாமல் ஏறத்தாழ 800 கிராம், மேகசினில் 14 தோட்டா. ஹாமரை இறக்கும் நெம்புகோலை அழுத்தினால் அது முழுவதும் கீழே போகாமல் அரை நிலையில் நிற்கும்; அதனால் விசை சற்றே பின்னால் வந்து என் விரலுக்கு எட்டிவிடுகிறது. குறையும் உண்டு. ஸ்லைடு சட்டகத்துக்கு உள்ளே ஓடுவதால் பிடித்து இழுக்கக் கொஞ்ச இடம்தான் இருக்கிறது; வியர்த்த கையில் வழுக்கும்.

டபுள் ஆக்‌ஷனின் பெரிய குறை என்னவென்றால், ஒரே துப்பாக்கியில் இரண்டு விதமான இழுப்பைக் கற்க வேண்டும். முதல் தோட்டா குறியை விட்டுக் கீழே போகும். அதனால் இரவில் சாப்பிட்டபின் வெறும் துப்பாக்கியில் பழகுகிறேன். தோட்டா எல்லாம் வேறு அறையில். சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்வேன். ஸ்லைடின் மேல், குறிபார்க்கும் முன்முனைக்குப் பக்கத்தில் நம் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு விசையை இழுக்கிறேன். நாணயம் விழாமல் ஹாமர் தட்ட வேண்டும். வாராவாரம் சுடுதளத்துக்கும் போகிறேன். அங்கே ஒவ்வொரு முறையும் ஹாமரை இறக்கிவிட்டு அந்த முதல் தோட்டாவைத்தான் அதிகம் சுடுகிறேன். லேசான இரண்டாவது இழுப்பு தானாக வந்துவிடுகிறது.

பேரனைப் பற்றி அம்மாவுக்குப் பயம் வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பாக்கி இரும்புப் பெட்டகத்துக்குள் போய்விடும். எண் எனக்கும் உங்கள் மருமகளுக்கும் மட்டும் தெரியும். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் தோட்டாவோடு வைப்பது இந்த மாநிலத்தில் குற்றம். நீங்கள் இரட்டைக்குழலை ஓரிடத்திலும் தோட்டாவை டிரங்குப் பெட்டியிலும் வைத்து, சாவியை அம்மாவின் முந்தானையில் முடியச் சொன்னதைத்தான் நான் இங்கேயும் செய்கிறேன்.

ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். இங்கேயும் உப்புக்காற்று, அதோடு என் உடம்பு வியர்வை. கறுப்புப் பூச்சு இருந்தும் குறிபார்க்கும் பின்முனைக்கு அடியில் மெல்லிய துரு கண்ணில் படுகிறது. மண்டபத்தில் இத்தனை வருடம் உங்கள் இரட்டைக்குழலில் ஒரு பொட்டுத் துரு நான் பார்த்ததில்லை. என்ன எண்ணெய் போடுவீர்கள், துடைத்தபின் எண்ணெயை எவ்வளவு விட்டுவைப்பீர்கள், மழைக்காலத்தில் தோலுறையிலேயே வைப்பீர்களா, வெளியே எடுத்துவிடுவீர்களா? விவரமாக எழுதுங்கள்.

தங்கச்சியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் சொல்லச் சொல்லுங்கள். முழங்காலுக்கு மதுரை டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். மற்றவை உங்கள் பதில் கண்டு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்